ராமானுஜனின் எண் 1729 அல்ல

6746328388800. நம் வழக்கப்படி சொன்னால் ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. பதின்மூன்று இலக்கம். லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் 1915-ஆம் ஆண்டு ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் அவர் கொடுத்திருக்கும் 102 எண்களில் கடைசி எண் இது. ராமானுஜன் பெயரைச் சொன்னதும் ஓர் எண் நினைவுக்கு வரவேண்டும் என்றால் அது இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. இன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது 1729. அவர் பிறந்தநாளான டிசம்பர் 22 வந்தால் நாளிதழ், பள்ளி விழா, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் அந்த நான்கு இலக்கம்தான். அது தவறான எண் அல்ல, அழகான எண்தான். ஆனால் அதைச் சொல்லும் விதம் ராமானுஜனைப் பற்றி நமக்குத் தவறான ஒரு படத்தைக் கொடுக்கிறது. அந்தப் படத்தைத் திருத்தும் வலு இந்தப் பதின்மூன்று இலக்க எண்ணுக்கு உண்டு.

1729 கதை எல்லோருக்கும் தெரியும். நோயுற்றுப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண்ணில் சுவாரசியம் ஏதும் இல்லை என்றாராம். இல்லை, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் உடனே சொன்னாராம். 1³ + 12³, 9³ + 10³ இரண்டும் 1729. ஹார்டியே பதிவு செய்த நிகழ்ச்சி, ஆகவே நடந்ததா என்று கேட்கவேண்டிய தேவையில்லை. நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்வது என்ன என்பதுதான் கேள்வி. படுக்கையில் கிடந்தவர், கேட்ட நொடியில், எங்கிருந்தோ பறித்துக் கொடுத்தார் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த எண் அவருக்கு வெகுநாள் பழக்கம். இரண்டு கனங்களைக் கூட்டினால் இன்னொரு கனம் வராது. ஆனால் ஒன்றே ஒன்று கூடவோ குறையவோ வரும் இடங்கள் உண்டா என்று அவர் தேடியிருக்கிறார். 9³ + 10³ = 12³ + 1 என்பது அவர் தாள்களில் இருக்கும் அந்த வரிசையில் ஒன்று. 791³ + 812³ = 1010³ − 1 என்பது அதே வரிசையில் இன்னொன்று. இவை தனித்தனியாகக் கண்ணில் பட்டவை அல்ல. முடிவில்லாமல் இப்படிப்பட்ட மூன்றெண் தொகுதிகளைத் தரும் ஒரு முறையிலிருந்து வந்தவை. ராமானுஜனுக்கு முன்பே, 1657-இல், பிரான்சின் ஃப்ரெனிக்கிள் 1729-இன் இந்தக் குணத்தைக் குறித்துவைத்திருந்தார். ஆக, டாக்ஸி எண் கதையில் வெளிப்பட்டது மின்னல் அல்ல, பல ஆண்டு வேலையின் ஞாபகம். அந்த வேலையைக் கதை மறைத்துவிடுகிறது.

பெரிய எண்ணுக்கு வருவோம். அதை எத்தனை எண்கள் மீதியில்லாமல் வகுக்கும்? 12-ஐ எடுத்துக்கொண்டால் 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். இதை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்காமலும் சொல்லலாம். 12 என்பது 2² × 3. ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம், மூன்று வழி. 3-ஐ விடலாம் அல்லது எடுக்கலாம்; இரண்டு வழி. மூன்றிரண்டு ஆறு. இதே கணக்கைப் பெரிய எண்ணுக்குப் போடுங்கள். 6746328388800 என்பது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அடுக்குகளோடு ஒன்று ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. விடை 10080. ஒரே எண்ணுக்குப் பத்தாயிரத்து எண்பது காரணிகள்! அதன் வர்க்கமூலம் சுமார் 25 இலட்சத்து 97 ஆயிரம். அதற்குக் கீழே 5040 காரணிகள், அவற்றுக்கு இணையாக மேலே 5040. ஒன்றிலிருந்து இருபத்தெட்டு வரை எந்த எண்ணாலும் அது மீதியில்லாமல் வகுபடும். 29-இல்தான் முதல் முறையாகத் தடுக்கும். இதைவிடச் சிறிய எண் எதை எடுத்தாலும், ஆறு இலட்சத்துச் சொச்சம் கோடி எண்களில் எதை எடுத்தாலும், அதற்குக் காரணிகள் 10080-க்குக் குறைவுதான். தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்ணை உயர் பகு எண் என்கிறோம். பெயர் வைத்தவர் ராமானுஜன்.

சிறிய உயர் பகு எண்கள் நமக்குப் புதியவை அல்ல. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அவை போகின்றன. ஒரு டஜன், ஒரு நாளின் 24 மணி, ஒரு மணியின் 60 நிமிடம், வட்டத்தின் 360 பாகை எல்லாம் இந்த வரிசையில் இருக்கின்றன. பிளாட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் ஒரு கற்பனை நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்றார். காரணமும் சொன்னார்: போருக்கும் வரிக்கும் நிலப் பங்கீட்டுக்கும் மக்களைப் பிரிக்க அந்த எண்ணுக்கு 59 வகுஎண்கள் உண்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எல்லாமே வகுக்கும். 5040-ஐயும் சேர்த்தால் அறுபது. அதுவும் உயர் பகு எண்தான். ஆனால் இந்த உதாரணங்களை அடுக்கிவிட்டு, மனித குலம் எப்போதும் பங்கிடுவதற்கு வசதியான எண்ணையே தேர்ந்தது என்று சொல்லிவிடக் கூடாது. நம் பழைய தமிழ்ப் பின்னங்களையே பாருங்கள். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. 320 என்பது 2⁶ × 5. அதற்குக் காரணிகள் வெறும் 14. அதைவிடச் சிறிய 240-க்கு 20 இருக்கின்றன. மூன்றில் ஒன்று என்ற பங்கை முந்திரிக் கணக்கில் மீதியில்லாமல் சொல்லவே முடியாது. பாதி பாதியாகப் பிரிப்பதும் ஐந்தாகப் பிரிப்பதும் அந்தக் கணக்குக்குப் போதுமாக இருந்திருக்கிறது. பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு எண்ணுகிறோமே, அதன் வேர் வியாழனின் சுற்றில் இருக்கிறது, வகுபடும் தன்மையில் அல்ல. பயன்பாட்டிலிருந்து பார்த்தால் இந்த எண்களின் கதை சில ஆயிரங்களோடு முடிந்துவிடுகிறது. 6746328388800 குடும்பங்களுக்கு யாரும் நகரம் கட்டப்போவதில்லை. அவ்வளவு தூரம் ஒருவர் போனதற்கு வேறு காரணம் இருக்கவேண்டும்.

அந்தக் காரணம் வடிவம். மேலே எழுதிய பகாக்காரணிகளை மறுபடியும் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23: இடையில் ஒரு பகா எண்கூட விடுபடவில்லை. அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1: எங்கும் ஏறவில்லை, இறங்கிக்கொண்டோ சமமாகவோ போகின்றன. இது தற்செயல் அல்ல. ஓர் உயர் பகு எண்ணில் 13 இல்லை, 17 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 17-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 13-ஐப் போடுங்கள். காரணிகளின் எண்ணிக்கை அடுக்கை மட்டுமே பொறுத்தது, அது மாறாது. எண் மட்டும் சிறியதாகிவிடும். தன்னைவிடச் சிறிய எண்ணுக்குத் தன் அளவு காரணிகள் இருந்தால் அது உயர் பகு எண்ணே அல்ல. அதே மாதிரி 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றுங்கள். மறுபடியும் எண் சிறுக்கும், எண்ணிக்கை அப்படியே இருக்கும். இரண்டே வரி வாதம், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் இந்த இரண்டு வரியும் சேர்ந்து ஆறு இலட்சம் கோடி எண்களைக் கொண்ட காட்டை ஒரு சிறு தோட்டமாகச் சுருக்கிவிடுகின்றன. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதும், 4, 36 இரண்டு மட்டுமே அதற்கு விலக்கு என்பதும் ராமானுஜன் நிறுவியது. அது இரண்டு வரியில் முடிகிற நிரூபணம் அல்ல. ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கும் எந்த எல்லைகளுக்குள் இருந்தாகவேண்டும் என்று பக்கம் பக்கமாக அவர் சமனின்மைகளை இறுக்கிக்கொண்டே போகிறார். கணினி இல்லாத காலத்தில் பதின்மூன்று இலக்கம் வரை ஓர் அட்டவணை போட முடிந்தது அந்த இறுக்கத்தால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. இருக்கிற எண்ணை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் காரணிகளைக் கூட்டவேண்டும் என்றால் எந்தப் பகா எண்ணைச் சேர்ப்பது இலாபம்? இது வரவு செலவுக் கணக்கு. 29-ஐப் புதிதாகச் சேர்த்தால் எண் 29 மடங்காகிறது, காரணிகள் இரட்டிப்பாகின்றன. ஏறக்குறைய அதே செலவை 2-களில் போட்டால், அதாவது ஐந்து 2-களைச் சேர்த்து எண்ணை 32 மடங்காக்கினால், அந்த இடத்தில் இருந்த 7 வழி 12 ஆகிறது, காரணிகள் 1.71 மடங்குதான். ஆகவே 29 இலாபம். ஆனால் 29 மடங்கு தாண்டாமல் சின்ன அடி வைக்கவேண்டிய நேரத்தில் 2-ஐயோ 3-ஐயோதான் நாடவேண்டும். 3-இன் அடுக்கை மூன்றிலிருந்து நான்காக்கினால் மூன்று மடங்கு செலவுக்கு ஒன்றேகால் மடங்கு வரவு. இந்த வீதத்தில் மூன்று முறை போனால் 27 மடங்கு செலவுக்கு 1.95 மடங்கு வரவு. 29 தரும் இரட்டிப்புக்கு மிக அருகில் வந்து சற்றே தோற்கிறது. ஒவ்வொரு அடியிலும் செலவுக்கேற்ற மிக உயர்ந்த வரவை மட்டுமே தேர்ந்துகொண்டு போனால் கிடைக்கும் எண்களை ராமானுஜன் தனியாகப் பிரித்தார். மேம்பட்ட உயர் பகு எண்கள் என்று சொல்லலாம். 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720 என்று அவை போகும். வெகுதூரம் தள்ளி 2248776129600 வருகிறது. அதற்கடுத்தது 29-ஐச் சேர்த்துக் கிடைக்கும் 65214507758400. நம் எண் 2248776129600-இன் சரியாக மூன்று மடங்கு. அதாவது 29 வருவதற்கு முன் நான்காவது 3-ஐ எடுத்துக்கொண்ட எண், இடைவெளியில் நிற்பது. உயர் பகு எண்தான், ஆனால் மேம்பட்ட வரிசையில் அதற்கு இடமில்லை. இந்த வரவு செலவுக் கணக்கை ஒரே ஓர் அளவுகோலால் ஆளலாம் என்று கண்டதுதான் கட்டுரையின் உயிர். அந்த ஓர் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் மேம்பட்ட எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். பின்னால் 1944-இல் அலாவோகுலுவும் ஏர்டிஷும் காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதில் கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்டு இதே பாதையை விரித்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். அந்த அட்டவணையில் ஒரு பிழை இருக்கிறதே? உண்மை. 293318625600 என்ற உயர் பகு எண் அதில் விடுபட்டிருக்கிறது. அதற்குக் காரணிகள் 5040. உழைப்புக்கும் கண்டிப்புக்கும் சாட்சி என்று ஓர் அட்டவணையைக் காட்டிவிட்டு, அதில் ஓட்டை இருக்கிறது என்றும் சொன்னால் வாதம் என்ன ஆவது? நான் இதை ஒளிக்க விரும்பவில்லை, மாறாக இதில் தங்கிப் பார்க்க விரும்புகிறேன். விடுபட்ட எண்ணின் வடிவம் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அதற்கு முன்னால் நிற்பது 240940299600, 4800 காரணிகள். பின்னால் நிற்பது 321253732800, 5376 காரணிகள். இருபுறத்து அண்டைவீட்டாரிடமும் 23 இருக்கிறது, இதனிடம் இல்லை. பின்னால் நிற்பதிலிருந்து 23-ஐக் கழற்றிவிட்டு 3-ஐயும் 7-ஐயும் ஒவ்வொன்று மாட்டினால் இது வரும். 23-க்குப் பதில் 21: எண் சற்றே சிறுக்கிறது, காரணிகளும் சற்றே குறைகின்றன, ஆனால் முன்னால் நிற்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. 23 உள்ளே வந்து நிலைத்துவிட்ட பகுதியில் 23 இல்லாத ஒன்று மெல்லத் தலைகாட்டுகிறது. கையால் தேடுகிறவர் கண்ணிலிருந்து நழுவ மிகவும் ஏற்ற இடம் அது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். 6746328388800 வரும். அட்டவணை முடிகிற எண்ணுக்குள்ளேயே, ஒரு காரணியாக, விட்டுப்போன எண் இருக்கிறது.

இந்த விடுபடல் கட்டுரையின் எந்த நிரூபணத்தையும் அசைக்கவில்லை. அடுக்குகள் இறங்குமுகம் என்பதும், எல்லைகள் பற்றிய சமனின்மைகளும் அட்டவணையை நம்பி எழுதப்பட்டவை அல்ல. அட்டவணைதான் அவற்றை நம்பி எழுதப்பட்டது. இன்னொன்றையும் இது காட்டுகிறது. முழு எண்கள் அனைத்தும் அவருக்கு ஒளிவுமறைவின்றித் தெரிந்தன, அவர் வெறுமனே பார்த்து எழுதினார் என்றால் இந்த எண் விட்டுப்போயிருக்கக் கூடாது. பார்த்து எழுதுகிறவர் விடமாட்டார். கணக்குப் போட்டுத் தேடுகிறவர்தான் ஒன்றை விடுவார்.

குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள் என்பதை ராமானுஜன் நம்பினார். அவர் நம்பிக்கையை இழிவுபடுத்த எனக்கு எந்த நோக்கமும் இல்லை. பக்தியும் நிரூபணமும் ஒரே மனிதரிடம் இருக்கலாம், இருந்தன. நான் மறுப்பது அந்த நம்பிக்கையை நாம் பயன்படுத்தும் விதத்தை. எல்லாம் தானாக வந்தது என்று சொல்லிவிட்டால் எப்படி வந்தது என்று படிக்கவேண்டியதில்லை. அவர் குறிப்பேடுகளில் நிரூபணம் இல்லாமல் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருக்கின்றன, அதனால் அவர் உள்ளுணர்வின் மனிதர்தானே என்று கேட்கலாம். குறிப்பேடு என்பது தனக்காக எழுதிக்கொள்வது. நிரூபணம் அதில் இல்லாததால் நிரூபணமே இல்லை என்று ஆகாது. அதைவிட வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது. ஹார்டிக்கு இந்தியாவிலிருந்து எழுதிய காலத்தில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி ராமானுஜன் சொன்ன சில முடிவுகள் தவறாக இருந்தன. ஜீட்டா சார்பின் கலப்பெண் பூஜ்ஜியங்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அப்போது அந்தக் கோட்பாடு அவருக்குப் பழக்கமில்லை. பகா எண்கள் விஷயத்தில் உள்ளுணர்வு அவரைக் கைவிட்டது. 1914-இல் கேம்பிரிட்ஜ் வந்து அடுத்த ஆண்டே, பகா எண்ணுக்கு நேர் எதிர்முனையில் நிற்கும் எண்களைப் பற்றி, ஒவ்வொரு படியையும் நிறுவிக்கொண்டு அவர் எழுதியதுதான் இந்தக் கட்டுரை. பகா எண்ணுக்குக் காரணிகள் இரண்டே இரண்டு, இவற்றுக்கோ இயன்ற அளவு அதிகம். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் வழியே பி.ஏ. பட்டம் கொடுத்தது, அதற்கு அடிப்படையாக நின்றதும் இதுதான். எஃப்.ஏ. தேர்வில் தேறமுடியாமல் நின்றவர் கையில் வந்த முதல் பட்டம் அது. நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதை எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஹார்டியே இந்தத் துறையைக் கணிதத்தின் பெருநீரோட்டத்தை விட்டு ஒதுங்கிய நீர்த்தேக்கமாகத்தான் பார்த்தார். சமனின்மைகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கு இருந்த அசாதாரணத் தேர்ச்சியை அவர் மனமாரப் பாராட்டினார், ஆனால் பொருள் ஓரமானது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ராமானுஜனின் வேறு சில சாதனைகளோடு, குறிப்பாகப் பிரிவினைகளின் எண்ணிக்கை பற்றி அவரும் ஹார்டியும் சேர்ந்து செய்ததோடு ஒப்பிட்டால், இதற்குப் பிந்தைய வாழ்வு குறைவுதானே என்று கேட்பவரும் உண்டு. இந்த மறுப்பை எளிதில் தள்ள முடியாது, ஏனென்றால் 1915-இல் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் ஹார்டி சொன்னது நியாயம். ஆனால் 1915-இல் வெளிவந்தது முழுக் கட்டுரை அல்ல. போர்க்காலம், கழகத்திடம் பணமில்லை, கையெழுத்துப்படியின் பிற்பகுதி அச்சேறவில்லை. அந்தப் பகுதி ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபின் இருவரின் விளக்கக் குறிப்புகளோடு 1997-இல்தான் ‘ராமானுஜன் ஜர்னல்’ இதழில் வந்தது. அதில் ராமானுஜன் காரணிகளின் எண்ணிக்கையோடு நிற்காமல் காரணிகளின் அடுக்குகளைக் கூட்டும் சார்புகளுக்கும் போகிறார். ரீமன் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால் அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு வரம்பு காண்கிறார்.

அந்த வரம்பின் கனத்தைப் புரிந்துகொள்ள 5040-க்குத் திரும்பவேண்டும். 5040-இன் எல்லாக் காரணிகளையும் கூட்டினால் 19,344. ஒரு குறிப்பிட்ட சூத்திரம் இருக்கிறது: எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடியும் மடக்கை எடுத்து, அதை எண்ணாலும் 1.781 என்று தொடங்கும் ஒரு மாறிலியாலும் பெருக்குவது. 5040-க்கு அது ஏறத்தாழ 19,237 தருகிறது. கூட்டுத்தொகை சூத்திரத்தைத் தாண்டிவிட்டது. இப்படித் தாண்டும் எண்கள், 1-ஐ விட்டுவிட்டால், 5040 வரை மொத்தம் 27. அதற்கு மேலே ஒன்றுகூட இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 5040-க்கு மேல் எந்த எண்ணும் இந்த வரம்பைத் தாண்டாது என்பதும் ரீமன் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றே என்று 1984-இல் கீ ரோபின் நிறுவினார். கணிதத்தின் மிகப் பெரிய விடையில்லாக் கேள்வியை, முழு எண்களையும் அவற்றின் காரணிகளையும் கூட்டலையும் ஒரு மடக்கையையும் மட்டும் வைத்துச் சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது. பிளாட்டோ நகரத்துக்குக் கேட்ட அதே எண் அந்தக் கேள்வியின் வாசலில் நிற்கிறது. கருதுகோள் உண்மையானால், போதுமான அளவு பெரிய எண்கள் எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கும் என்பது அச்சேறாத அந்தப் பக்கங்களிலேயே அடங்கியிருந்தது. ஒதுங்கிய நீர்த்தேக்கத்தின் அடியில் ஆற்றோடு சேரும் ஊற்று இருந்திருக்கிறது. அந்தப் பக்கங்கள் ஓர் ஆய்விதழில் வர 82 ஆண்டு ஆயிற்று.

இன்னொரு கேள்வியையும் அதே கட்டுரையில் ராமானுஜன் எழுப்பினார். ஓர் எண்ணின் காரணிகளை எண்ணுங்கள்; கிடைத்த எண்ணின் காரணிகளை எண்ணுங்கள்; இது எவ்வளவு பெரிதாகலாம்? நம் எண்ணிலேயே போட்டுப் பாருங்கள். 6746328388800-க்கு 10080 காரணிகள். 10080-உம் ஓர் உயர் பகு எண், அதற்கு 72. 72-க்கு 12. 12-க்கு 6, 6-க்கு 4, 4-க்கு 3, 3-க்கு 2. பதின்மூன்று இலக்கத்திலிருந்து ஏழே படியில் இரண்டுக்கு இறங்கிவிடுகிறோம். விடுபட்ட எண்ணும் இப்படித்தான்: 5040, பிறகு 60, பிறகு 12. இரண்டாவது படியில் கிடைக்கும் எண் எந்த வேகத்தில் வளரலாம் என்பதற்கு ராமானுஜன் ஒரு கீழ்வரம்பு கொடுத்தார். அந்தக் கேள்வி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்று, இந்த நூற்றாண்டில்தான் விடை கண்டது.

கடைசியாக, இன்று ஒரு சாதாரண மடிக்கணினி அந்த அட்டவணை முழுவதையும் கண்ணிமைப்பதற்குள் போட்டுவிடுமே, பிறகு எதற்கு இந்த மரியாதை என்று கேட்கலாம். 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4 கோடியே 10 இலட்சத்துச் சொச்சம் இலக்கங்கள். அதன் பக்கத்தில் பதின்மூன்று இலக்கம் எம்மாத்திரம் என்றும் கேட்கலாம். அளவை வைத்து எண்ணை மதிப்பதானால் இதற்குப் பதிலே இல்லை. எந்த எண்ணோடும் ஒன்றைக் கூட்டி அதைத் தோற்கடித்துவிடலாம். மடிக்கணினி எப்படிப் போடுகிறது என்று பாருங்கள். அது ஆறு இலட்சம் கோடி எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை. பகா எண்களை வரிசை பிசகாமல் எடுத்துக்கொண்டு, அடுக்குகளை ஏறவிடாமல் அமைத்து, கிடைக்கும் சில ஆயிரம் வேட்பாளர்களை மட்டும் ஒப்பிடுகிறது. நிரல் போட்டிகளில் பங்கெடுக்கும் கல்லூரி மாணவர்களுக்கு இந்த முறை மனப்பாடம். இலட்சம் கோடிக்குள் இருக்கும் எந்த எண்ணுக்கும் 6720 காரணிகளுக்கு மேல் கிடையாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த 6720-ஐத் தொடும் எண் 963761198400. அதை ஏழால் பெருக்கினால் ராமானுஜனின் கடைசி எண். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் 9316358251200 வருகிறது. அதற்குக் காரணிகள் 10752. அதை உடைத்துப் பார்த்தால் கடைசியில் 29 நிற்கிறது.